இன்னும் ஒரு பட்டை

லாரியை எடுக்கப் போன அன்று பட்டறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். என் மனைவியின் தம்பி சாகுல். சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வெல்டர் கருப்பையா, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா; டம்ளர் எடுக்க வந்தவர், எடுத்த பிறகும் போகவில்லை. அப்புறம் அவர், பட்டறைக்குச் சொந்தக்காரர். அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அண்ணே, வெளிய வாங்க. வண்டிய எடுக்கப் போறோம்" என்றேன்.

"ஒரு பட்டை மட்டும் பாய்" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது.

இரண்டு வருடமாக, இன்னும் ஒரு இரும்புப் பட்டை என்ற அந்த ஒரே பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை எழுதவில்லை. நான் அண்ணே என்பேன், அவர் பாய் என்பார். அதற்கு மேல் பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு ஊர் கோட்டைப்பட்டினம். விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரையில் உட்கார்ந்து என்ன செய்வது? சாகுல்தான் வழி சொன்னான். வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றுவார்கள். பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். இழுப்பதற்கு வெளியூரிலிருந்து ஜேசிபி வரும். அது வருகிறபோது வரும். பட்டாளத்தில் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதில் வடத்தைச் சுற்றி இழுக்கிற வின்ச் வைத்துவிட்டால் அந்த வேலை எங்களுக்கு வரும். படகுக்காரர்களிடம் பேசினோம்.

"தடை ஆரம்பிக்கிறப்ப வண்டி கரையில நிக்கணும். நின்னா ஒங்களுக்கு. இல்லாட்டி ஜேசிபிக்குச் சொல்லிருவோம்" என்றார்கள்.

பேச்சு அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை வருகிற வேலை. தவறினால் அடுத்த வருடம்தான்.

லாரி வந்தது. பச்சை நிறம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. டயர் என் நெஞ்சு உயரம். பட்டாளத்துப் பச்சையில் மற்றவர்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம். அதைச் சுரண்டிவிட்டு வேறு நிறம் அடிக்க வேண்டும். வின்ச் பொருத்த வேண்டும். இழுக்கும்போது லாரி பின்னால் சறுக்காமல் இருக்க, தரையில் ஊன்றுவதற்குப் பின்பக்கம் இரண்டு இரும்புக் கால்கள் வைக்க வேண்டும். வேலை மூன்றுதான். இதைச் செய்ய புதுக்கோட்டைப் பக்கம் ஒருவர் இருக்கிறார், தைலமரம் ஏற்றுகிற லாரிக்கெல்லாம் அவர்தான் பாடி கட்டுகிறார் என்றார்கள். வல்லத்திராக்கோட்டை விலக்கைத் தாண்டி, செம்மண் மேட்டில் பட்டறை. சுற்றிலும் தைலமரக் காடு.

அவர் லாரியை ஒரு சுற்று வந்தார். சுத்தியலால் சேஸில் தட்டினார். வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுகிற இரண்டு இரும்புகள், அதைத்தான் சேஸ் என்பார்கள். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"இது தாங்காது."

சாகுலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலையில பீரங்கி இழுத்த வண்டிண்ணே இது."

"அது அவங்க வண்டியா இருந்தப்ப."

அன்றைக்கே நான் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டறையில் நின்ற லாரிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கோயில் மதில் மாதிரி நின்றது. நல்ல வேலைக்காரர் என்று தோன்றியது. நல்ல வேலைக்காரர்தான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"எவ்வளவு நாள் ஆகும்ணே?"

"மூணு மாசம் பாய். அதுக்கு மேல எதுக்கு?"

அந்த மனிதருக்கு மெலிசான எதிலும் நம்பிக்கை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மாட்டார். பழைய பிரேக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் உட்காருவார், அதில்தான் சாப்பிடுவார். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் வளைத்துப் பார்ப்பார். வளைந்தால் முகம் மாறிவிடும். உடனே சொல்லுவார், தாங்காது. கருப்பையாவைப் பார்த்துக் கையை நீட்டுவார். கருப்பையா ஒரு இரும்புப் பட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். அதை வைத்துப் பற்றவைத்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும்.

டீக்கடை அக்காவின் பெஞ்சு ஒரு நாள் ஆடியது. கேட்காமலே தூக்கிப்போய்ச் சரி செய்து கொடுத்தார். பிறகு அந்தப் பெஞ்சை யாராலும் தூக்க முடியவில்லை.

"மழை வந்தா எல்லா ஜாமானையும் உள்ள எடுத்துருவேன் தம்பி. இத மட்டும் எடுக்க முடியாது. அது பாட்டுக்கு நனையும், அது பாட்டுக்குக் காயும்" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

"நீங்க சொல்லலாமுல்ல, கனமா இருக்குன்னு?"

"சொன்னேன். தரை சரியில்லம்மா, அதான் தூக்க முடியல, சிமிண்டு போட்டுத் தாரேன்னாரு. நா வாய மூடிக்கிட்டேன்."

மகள் படிக்கும்போது அதற்கு ஒரு சைக்கிள் வாங்கினாராம். கடையிலிருந்து வந்த சைக்கிள் அவருக்குக் காற்றில் பறந்துவிடும்போல இருந்ததாம். நடுக்கம்பிக்கு ஒரு கம்பி, கேரியருக்கு நான்கு ஆங்கிள் இரும்பு, ஸ்டாண்டுக்கு டிராக்டர் இரும்பு. அந்தப் பெண் அதை மிதிக்க முடியாமல் பள்ளிக்கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வந்தது. இதை அவருடைய மனைவி சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக் கதவத் தொறக்க நா தோளக் குடுத்து முட்டணும். திருடன் வந்தா அவனே அசந்துபோய் ஒக்காந்துருவான்."

எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. அது முதல் மாதம்.

மூன்றாவது மாதம் போனேன். வின்ச் இருந்தது. நல்ல வின்ச். அதை வைக்கச் சேஸின் மேல் ஒரு தட்டு அடித்திருந்தார். தட்டு தாங்குவதற்கு அடியில் சேனல் இரும்பு. சேனல் தாங்குவதற்குக் குறுக்கே பட்டை. அந்தப் பட்டைகளின் கனத்துக்கு ஸ்பிரிங் தாங்காது என்று ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை. ஸ்பிரிங் கனத்துவிட்டதால் அது உட்காரும் இடம் தாங்காது என்று அங்கே இன்னொன்று.

"அண்ணே, படகு இழுக்கத்தான் வண்டி. படக லாரியில ஏத்தப் போறதில்ல" என்றேன்.

"இழுக்கிறதுதான் பாய் கஷ்டம். ஏத்துறது சும்மா ஒக்காந்திருக்கும். இழுக்கிறது வண்டியப் பிச்சிரும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும். வண்டி மட்டும் முடியாது.

போன் செய்தால் எடுப்பார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு இரும்பின் மேல் வைத்துவிடுவார். கிரைண்டர் சத்தம் கேட்கும். "அண்ணே, எப்ப?" என்பேன். கிரைண்டர் சத்தம். "அண்ணே, தடைக்காலம் வருது." கிரைண்டர் சத்தம். பிறகு கருப்பையாவின் குரல், "பாய், அண்ணன் கேக்குறாரு, பேசுங்க."

அந்தத் தடைக்காலம் வந்தது. லாரி வரவில்லை. நான் கரையில் நின்று ஜேசிபி படகுகளை இழுப்பதைப் பார்த்தேன். என்னோடு கடலுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் வேறு பேச்சு பேசினார்கள். நேரே கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. என் மனைவி வலை கட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

பட்டறைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். போனால் அவர் எனக்காக எழுந்து பிரேக் டிரம்மைக் காலி செய்து கொடுத்தார். பிறகு பழைய இரும்புக்குள் கையை விட்டு நல்ல பட்டையாகத் தேடினார். என் வண்டிக்கு. கூடுதலாகப் போட்ட எந்தப் பட்டைக்கும் அவர் என்னிடம் கூலி கேட்டதில்லை. இரும்பும் அவருடையது. அப்படிப்பட்ட ஆளை என்ன சொல்லித் திட்டுவது? டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் அப்படி என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். தைலமரம் ஏற்றிய லாரி ஒன்று நடு ரோட்டில் ஒடிந்ததைச் சின்ன வயதில் பார்த்தாராம். அவருடைய அப்பா கட்டிய வீடு மழையில் விழுந்ததாம். கருப்பையாவிடம் கேட்டேன். "காரணமெல்லாம் இல்ல பாய். சில பேருக்கு உப்பு கூடப் போட்டாத்தான் சோறு எறங்கும். அது மாதிரி" என்றார்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கள் கரை மற்ற ஊர்க் கடற்கரை மாதிரி மணல் இல்லை. சேறு. கால் வைத்தால் இறங்கும். கனம் ஆகாது. அவர் தலையை ஆட்டுவார். "சேறுதானே" என்பார்.

"நீங்க ஒருக்க வந்து பாருங்கண்ணே. காலையில வந்தா மத்தியானம் திரும்பிறலாம்."

"வேலை கெடக்கு பாய்."

அவர் கடலைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருந்த இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் கடல். அவர் வந்ததில்லை.

இரண்டாவது தடைக்காலம் நெருங்கியது. படகுக்காரர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "பாரு, இந்த வருசமும் ஒன் வண்டி வரலேன்னா இனிமே ஒன்கிட்ட பேசவே மாட்டாங்க. மொதத் தடவையே நாந்தான் ஒனக்காகப் பேசுனேன்" என்றார். அதனால்தான் அன்று சாகுலோடு சாவியை எடுத்துக்கொண்டு போனோம்.

அவர் லாரிக்கு அடியிலிருந்து வந்தார். மல்லுக்கு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கையைத் துடைத்தார். லாரியைச் சுற்றி வந்து நான்கு சக்கரத்திலும் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். புதிதாக அடித்த நீலப் பெயிண்டில் அவருடைய கை பதிந்தது.

"நடுவுல இன்னொண்ணு போட்ருக்கணும் பாய். தாங்காது. பாத்து ஓட்டச் சொல்லுங்க."

"எடுங்க தம்பி, எடுங்க. அந்த மனுசன் மனசு மாறுறதுக்குள்ள" என்றார் டீக்கடை அக்கா.

எடுத்தோம். அறந்தாங்கி தாண்டுவதற்குள் சாகுல் மூன்று முறை கியரை இறக்கினான்.

"மச்சான், இது காலி வண்டியா? பின்னால என்னத்தக் கட்டி வச்சிருக்காரு?"

"ஓட்டு" என்றேன்.

தடைக்காலம் தொடங்கிய அன்று லாரி கரையில் நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். படகுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். டயரைத் தட்டினார்கள். ஒருவர் ஊன்றுகாலைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாலம் கட்டப் போறியா?" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் படகு. உருட்டுக் கட்டைகளைப் போட்டு, கப்பி மாட்டி, கம்பி வடத்தை இழுத்துக் கட்டினோம். லாரி கரையைப் பார்த்து நின்றது, பின்பக்கம் கடல். சாகுல் ஊன்றுகாலை இறக்கினான். வின்ச் சுற்றியது. படகு அசைந்தது. மூக்கு மேலே ஏறியது. எல்லோரும் சத்தம் போட்டார்கள். வின்சும் தாங்கியது, வடமும் தாங்கியது, சேஸும் தாங்கியது. அவர் கட்டிய ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

தரைதான் விட்டுக்கொடுத்தது. ஊன்றுகால் முதலில் இறங்கியது. அதன் பின்னாலேயே பின் சக்கரங்கள் இறங்கின. சாகுல் முன்னால் எடுக்கப் பார்த்தான். நான்கு சக்கரமும் சுற்றின, நான்கும் இறங்கின. அச்சு சேற்றில் உட்கார்ந்தது. படகு பாதி ஏறிய நிலையில் நின்றது.

வடத்தை அவிழ்த்தோம். ஊன்றுகாலைத் தூக்க வரவில்லை. சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தோம். பலகை உள்ளே போயிற்று. கடைசியில் ஜேசிபியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எந்த ஜேசிபிக்குப் பதிலாக வந்தேனோ அதே ஜேசிபி. சங்கிலி போட்டு இழுத்தது. அதன் சக்கரம்தான் சறுக்கியது, லாரி அசையவில்லை. அந்த டிரைவர் இறங்கி வந்து பார்த்தான்.

"பாய், இத எடுக்கணும்னா இன்னொரு மிலிட்டரிதான் வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஏறத் தொடங்கியது. அன்று சாயங்காலம் பின் சக்கரம் பாதி உப்புத் தண்ணீரில் நின்றது. இப்படியே விட்டால் பிரேக், அச்சு, கியர் எல்லாம் போகும். அவருக்குப் போன் செய்தேன். கிரைண்டர் சத்தம் வந்தது.

"அண்ணே, வண்டி சேத்துல எறங்கிருச்சு. வெளிய வரல."

கிரைண்டர் நின்றது. நான் பேசும்போது அது நின்றது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் விடிந்ததும் வந்தார். ஒரு மினி லாரியில் கருப்பையா, கேஸ் சிலிண்டர்கள், கட்டிங் டார்ச். கடலை ஒரு முறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். கெண்டைக்கால் வரை இறங்கியது. நின்றுவிட்டார். லாரியைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலை எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் இறங்கியது.

"அடியில ஒண்ணுமே இல்லையே பாய்" என்றார்.

"அதத்தாண்ணே ரெண்டு வருசமாச் சொன்னேன்."

"எங்க பக்கம் சேறுன்னா ஒரு அடிக்கு. அதுக்குக் கீழ செம்பாறை வந்துரும். கனம் இருந்தா அதுபோய்ப் பாறையில ஒக்காந்துக்கிறும். லேசான வண்டிதான் மேலாக்க நின்னுக்கிட்டுச் சறுக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சேறு என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பட்டை சேர்த்திருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவருக்கு வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறது.

வெட்டச் சொன்னால் மறுப்பார், என்ன சொல்லி மடக்குவது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அவரே கருப்பையாவிடம் கையை நீட்டினார்.

"டார்ச்சக் குடு."

"நா வெட்டுறேண்ணே. நீங்க கரையில ஒக்காருங்க."

"எது எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாது."

சேற்றில் ஒரு பலகையைப் போட்டு, அதில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வெட்டினார். முதலில் ஊன்றுகால்கள். பிறகு பின் தட்டு. பிறகு குறுக்குப் பட்டைகள். இடம் தேடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சொல்லுவார், எந்தப் பட்டையை எந்தப் பட்டை பிடித்திருக்கிறது என்று. ஒவ்வொன்று விழும்போதும் சேறு தெறித்தது. படகுக்காரர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

"லாரிக்குள்ள இன்னொரு லாரி இருக்கும் போலயே" என்றான் ஒருவன்.

"பேசாமத் தூக்கு" என்றார் இன்னொருவர்.

தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் அவர் எழுந்தார். வின்ச் இருந்த தட்டும் அதற்கு அடியில் ஒரு சேனலும்தான் பாக்கி. ஏலத்தில் எடுத்தபோது பார்த்த லாரி மறுபடி தெரிந்தது. ஜேசிபி சங்கிலி போட்டு இழுத்தது. லாரி முனகியது. பிறகு வந்தது. சாகுல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அவர் லாரி வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கரையில் கிடந்த இரும்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் பாதிப் படகுகள்தான் எங்களுக்குக் கிடைத்தன. மீதி ஜேசிபிக்குப் போயிற்று. சேற்றுக்கு மேலே, கெட்டித் தரையில் லாரியை நிறுத்தி, வடத்தை நீளமாக விட்டு இழுக்கப் பழகிக்கொண்டோம். வின்ச் இன்றைக்கும் அதே வின்ச்தான். சேஸ் ஒடியவில்லை. அவர் இப்போது அந்தப் பட்டறையில் இல்லை. ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கருப்பையா வேறு பட்டறையில் வேலை செய்கிறார். அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். இரண்டு வருடம். அதை அவர் எனக்குத் திருப்பித் தர முடியாது. எரிச்சல் வந்த பிறகு அவர் சேற்றில் நின்று தன் காலைப் பார்த்தது ஞாபகம் வரும்.

அன்று வெட்டிய இரும்பைப் படகுக்காரர்கள் நங்கூரத்துக்குக் கேட்டார்கள். நான் கொடுத்திருப்பேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டிராக்டரைப் பிடித்து டிப்பரில் ஏற்றச் சொன்னார். நானும் கூடப் போனேன், போகும் வழியில் எடைமேடை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். அவர் கையால் வளைப்பதையும் சுத்தியலால் தட்டிக் கேட்பதையும்தான் நான் பார்த்திருக்கிறேன். எதையும் எடை போட்டு நான் கண்டதில்லை.

"மேடையில ஏத்தச் சொல்லுங்க பாய். எவ்வளவுன்னு பாத்துருவோம்."

டிராக்டர் மேடையில் ஏறியது. கூண்டுக்குள் இருந்தவர் டிராக்டர், டிப்பர் எடையைக் கழித்துவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னார். டிராக்டர் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. கிட்டே போய் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபது கிலோ.